உதவி: மாதச் சந்தாவில் வந்த ரெக்கார்டில் சுருதி ஆடுகிறது, பெல்ட் போய்விட்டதா?

ஜெர்சி_ரசிகன்
வணக்கம். அவசர உதவி தேவை. மாதம் ஒரு ரெக்கார்ட் அனுப்பும் சந்தாவில் இந்த முறை வந்த தட்டை டர்ன்டேபிளில் போட்டால் பியானோவின் சுருதி ஆடுகிறது. ஒரு ஸ்வரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் மேலே போய்க் கீழே வருகிறது. தட்டைச் சுழற்றும் பெல்ட் போய்விட்டது என்று நினைக்கிறேன். புது பெல்ட் ஒன்று தள்ளுபடியில் கிடக்கிறது, இன்று இரவோடு முடிகிறது. வாங்கிவிடலாமா? நன்றி.

சிங்கை_அக்கா
எந்த ஆல்பம்? மற்ற தட்டுகளிலும் ஆடுகிறதா, இதில் மட்டுமா? வேகம் நிமிடத்துக்கு 33 சுற்றா, 45 சுற்றா? இதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. பெல்டை இப்போதே வாங்க வேண்டாம்.

ஊசிமுனை_கோவை
தம்பி, டர்ன்டேபிள் எந்த வகை, எந்த நாட்டில் வாங்கியது, இப்போது எந்த நாட்டில் ஓடுகிறது? இதைக் கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. பழைய ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே சுற்றும் மோட்டார்) வைத்த மெஷினை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே மாட்டினால், வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்துவிடும். பாட்டு ஏறக்குறைய மூன்று அரைஸ்வரம் கீழே இறங்கும். போன வருஷம் ஒருவர் இப்படித்தான் கொண்டுவந்தார். மெஷினில் பேய் புகுந்துவிட்டது போல, பாடகி ஆண் குரலில் பாடுகிறார் என்றார். மோட்டாரின் சின்னச் சக்கரமான புல்லியைக் கடைந்து மாற்றிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

பழைய_தட்டு
இந்தக் கேள்விக்கு இங்கே ஏற்கெனவே பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். சந்தா கட்டி மாதம் ஒரு பெட்டி வாங்குகிறவர்கள், எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், பாட்டை ஊசி ஓடும் பள்ளமாக யார் கட் செய்தார் என்பதைப் பார்ப்பதே இல்லை. எல்லாக் கோளாறும் வீட்டு மெஷினில் வருவதில்லை. மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் கைண்ட் ஆஃப் ப்ளூ 1959-ல் வந்தது. அதன் முதல் பக்கம் முழுவதும் வாசித்ததைவிடச் சுருதி கூடி ஒலித்தது. பதிவின்போது ஒரு டேப் மெஷின் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1990களில்தான் அதைத் திருத்திய பதிப்புகள் வந்தன. அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் கருவியில்தான் தப்பு என்று நினைத்திருப்பார்கள். உங்களுடையதும் டேப் கோளாறுதான். பெல்டை விட்டுவிடுங்கள்.

ஸ்கார்பரோ_வயலின்
வணக்கம், நான் இங்கே பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிக்கிறேன். பழைய_தட்டு ஐயா சொன்னது உண்மைதான், ஆனால் அது வேறு பிரச்சினை. கைண்ட் ஆஃப் ப்ளூவில் சுருதி ஒரேயடியாகக் கூடி, கூடின இடத்திலேயே நிற்கிறது. தம்பி சொல்கிறது சுருதி ஏறி இறங்குகிறது. தம்புரா கூட்டி வைத்திருக்கிறது ஒன்று, தம்புராவின் பிரடை தளர்ந்து வழுக்கிறது இன்னொன்று. தம்பி, அந்த ஆட்டம் ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா, இல்லை கண்டபடி வருகிறதா?

ஜெர்சி_ரசிகன்
மன்னிக்கவும், அவசரத்தில் எதையும் சொல்லவில்லை. ராபர்ட்டா ஃப்ளாக், ஃபர்ஸ்ட் டேக். 33தான். பெல்ட் டிரைவ், நான்கு வருஷம் ஆகிறது. நியூஜெர்சியில் வாங்கி நியூஜெர்சியில்தான் ஓடுகிறது. குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும், அப்புறம் வருகிறேன்.

சிங்கை_அக்கா
மற்ற தட்டுகளில் ஆடுகிறதா என்று இன்னும் சொல்லவில்லையே!

பழைய_தட்டு
ஃபர்ஸ்ட் டேக் என்றால் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ், 1969. 1978-ல் அட்லாண்டிக்கின் டேப் கிடங்கு எரிந்தது. எங்கே என்று தெரியுமா? நீங்கள் இருக்கும் அதே நியூஜெர்சியில், லாங் பிராஞ்ச் என்ற ஊரில். அசல் எரிந்த பிறகு வருவதெல்லாம் நகலின் நகல். ஆடாமல் என்ன செய்யும்? சந்தாக்காரர்களுக்கு அழகான அட்டையும் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

தேம்ஸ்கரை
இதை அப்படியே விட முடியாது. லாங் பிராஞ்ச் தீ உண்மை, இழப்பும் பெரியது. ஆனால் அங்கே எரிந்தவற்றில் பெரும்பகுதி வெளிவராத பதிவுகள், மாற்று டேக்குகள் (அதே பாட்டை வேறு முறை பதிவு செய்தவை), ஒத்திகைகள், செஷன் ரீல்கள். வெளிவந்த ஆல்பங்களின் மாஸ்டர்கள், அதாவது தட்டு வெட்டப் பயன்படும் இறுதி டேப்கள், நியூயார்க்கில் இருந்தன. நாம் இதுவரை கேட்காதவையும் இனிமேல் கேட்கவே முடியாதவையும்தான் போயின. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. ஃபர்ஸ்ட் டேக்கின் மாஸ்டர் அதோடு சாம்பலானது என்று சொல்வது தப்பு.

பழைய_தட்டு
சரி, டேப் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நேராக வெட்டினார்களா, நடுவில் டிஜிட்டல் நுழைந்ததா? 2022-ல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனத்தின் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? முழுக்க அனலாக் என்று எல்லோரும் நம்பி அதிக விலை கொடுத்த தட்டுகளில், 2011-லிருந்தே பலவற்றில் டிஜிட்டல் படி இருந்தது என்று வெளியே வந்தது. வழக்குக்கும் போனார்கள்.

தேம்ஸ்கரை
வாங்குகிறவரிடம் மறைக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் டிஜிட்டல் படி இருந்தால் பியானோ எப்படி ஆடும்? டிஜிட்டலில் குறை சொல்ல ஆயிரம் கிடைக்கும், சுருதி ஏறி இறங்குவது அதில் ஒன்றல்ல. அந்தத் தட்டுகளையே பல வருஷம் காதுக்குள் வைத்துக் கேட்டவர்கள் பலருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய_தட்டு
தெரியவில்லை என்பது கேட்டவர்களின் குறை. கட்டிங் பொறியாளர் கெவின் கிரே டேப்பிலிருந்து நேராக வெட்டும் ப்ளூ நோட் டோன் போயட் மறுபதிப்பு வரிசையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

தேம்ஸ்கரை
அந்த வரிசை 2019-ல் தொடங்கியதிலிருந்து வாங்குகிறேன். அருமையான வேலை, மறுக்கவே இல்லை. ஆனால் எவ்வளவு நல்ல டேப்பிலிருந்து வெட்டினாலும் தட்டின் நடுத்துளை விலகினால் சுருதி ஆடத்தான் செய்யும்.

மாதப்_பெட்டி
இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும். சந்தாக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் ஜாஸ் என்றால் கோல்ட்ரேன் மட்டும் என்று இருந்தவன். ஒரு மாதம் பெட்டியில் டானி ஹாத்தவேயின் 1972 நேரடிக் கச்சேரி வந்தது. கடையில் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அதில் கூட்டம் முழுவதும் அவரோடு சேர்ந்து பாடுகிறது, நம் ஊர் பஜனை மடத்தில் எல்லோரும் சேர்ந்து எடுப்பதுபோல. அன்று இரவு அந்தப் பக்கத்தையே மூன்று தடவை போட்டேன். நாமே தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தட்டு என் வீட்டுக்கு வந்திருக்காது. அட்டைக்காக யாரும் சந்தா கட்டுவதில்லை ஐயா.

ஊசிமுனை_கோவை
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், கேட்டவரை மறந்துவிட்டோம்.

தம்பி, அமெரிக்காவில் வாங்கி அங்கேயே ஓடினால் நான் சொன்ன மின்சார விஷயம் இல்லை. அதை விட்டுவிடுங்கள். இப்போது ஒரு சோதனை. போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 18 விநாடிக்குள் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். 18 விநாடியில் சரியாகப் பத்து ஆட்டம் என்றால் ஆடுவது தட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு முறை. பெல்ட் என்றால் கணக்கு பத்தில் நிற்காது. பெல்ட், தட்டு உட்காரும் பிளாட்டரையும் சுற்றி, புல்லியையும் சுற்றி வர வேண்டும் அல்லவா? அதனால் பெல்டில் இருக்கும் பழுதான இடம் திரும்பி வர ஒரு சுற்றைவிட நேரம் அதிகமாகும்.

அடுத்தது, மேலே இருந்து பார்க்காமல் தட்டின் மட்டத்துக்குக் குனிந்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு போஸ்ட்கார்டை ஊசித்தலைக்குப் பின்னால் நிறுத்தி வைத்தால் அதன் ஓரம் உங்களுக்கு அளவுகோல். ஊசித்தலை மெதுவாக உள்ளே நகர்வது இயல்பு. அது ஒரு சுற்றுக்கு ஒரு முறை இடமும் வலமும் ஊஞ்சல்போலப் போய் வந்தால் துளை நடுவில் இல்லை. மேலும் கீழும் போய் வந்தால் தட்டு நெளிந்திருக்கிறது. நடு லேபிளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தும் பள்ளம் சரியாக இருக்கும் தட்டுகள் ஏராளம்.

ஸ்கார்பரோ_வயலின்
எந்தப் பாட்டில் கூட ஆடுகிறது என்றும் பாருங்கள், தம்பி. அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் மிக மெதுவான ஒரு பாட்டோடு முடிகிறது. ரான் கார்ட்டரின் பாஸ் அடியில் நிற்க, ராபர்ட்டா அக்கா பியானோவில் ஒவ்வொரு கட்டையையும் விட்டு விட்டுத்தான் தொடுகிறார். அப்படி நிற்கிற ஸ்வரத்தில் மயிரிழை விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும். வேகமான பாட்டில் இதே குறை தெரியாது.

ஜெர்சி_ரசிகன்
எண்ணினேன். பத்து. இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் பத்து. ஊசித்தலை இடம் வலமாகப் போகிறது, நன்றாகவே தெரிகிறது. கடைசிப் பாட்டில்தான் அதிகம். முதல் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன், அங்கே அசையவே இல்லை. மற்ற தட்டுகளும் சரியாகவே ஓடுகின்றன, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெல்ட் வாங்கவில்லை.

சிங்கை_அக்கா
முதல் பக்கம் சரி, இரண்டாம் பக்கம் ஆட்டம் என்றால் மெஷின் நிரபராதி. ஒரே மெஷின், ஒரே தட்டு, ஒரே துளை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் எப்படி விலகும்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஊசிமுனை_கோவை
அக்கா, நல்ல கேள்வி. தட்டை அச்சடிக்க ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்டாம்பர் என்று இரண்டு நிக்கல் தகடு. லாக்கர் என்ற மென்பூச்சுத் தகட்டில் வெட்டியதிலிருந்து உலோகப் பிரதி எடுத்து, அதிலிருந்து இன்னொன்று எடுத்து, கடைசியில் ஸ்டாம்பர் வரும். ஒவ்வொரு ஸ்டாம்பருக்கும் நடுத்துளையைத் தனித்தனியாகக் குத்துகிறார்கள். பள்ளத்தின் மையத்தைப் பார்த்துக் குத்த வேண்டும். ஒரு பக்கத்துக்குக் குத்தும்போது அரை மில்லிமீட்டர் தவறினால் அந்தப் பக்கம் மட்டும் கோணல். மறு பக்கத்தின் தகடு சரியாக இருந்தால் அது ஆடாது.

கடைசிப் பாட்டில் அதிகமாவதற்கும் இதுதான் காரணம். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் மையத்திலிருந்து ஏறக்குறைய 146 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. உள்ளே முடியும் இடத்தில் 60-ஐ ஒட்டி வந்துவிடும். அதே அரை மில்லிமீட்டர் வெளியே ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு வேக மாற்றம், உள்ளே ஆயிரத்தில் எட்டுப் பங்குக்கு மேல். பாடகர் கடைசிக்கு வைத்திருக்கும் மெல்லிய பாட்டுதான் எப்போதும் மாட்டிக்கொள்கிறது.

ஸ்கார்பரோ_வயலின்
ஆயிரத்தில் எட்டு என்றால் ஒரு அரைஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. அது மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது. என் மாணவி ஒருத்தி அப்படிப் பிடித்தால் வில்லை நிறுத்தச் சொல்லுவேன். தம்பிக்கு நல்ல காது.

தேம்ஸ்கரை
1980களின் தொடக்கத்தில் நகமிச்சி டிஎக்ஸ்-1000 என்று ஒரு டர்ன்டேபிள் வந்தது. தட்டின் கோணலைத் தானே அளந்து பிளாட்டரை நகர்த்திச் சரிசெய்யும். ஒரு கண்காட்சியில் ஒருமுறை அருகே நின்று பார்த்திருக்கிறேன். இந்தக் குறை ரொம்பப் பழையது என்பதற்காகச் சொல்கிறேன். அன்றைய அசல் தட்டுகளிலும் கோணல் உண்டு, இன்றைய மறுபதிப்புகளிலும் உண்டு.

பழைய_தட்டு
ஒரு பக்கம் மட்டும் ஆடுகிறது என்றால் டேப் காரணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முதலிலேயே இந்த விவரத்தைச் சொல்லியிருந்தால் இத்தனை பேருடைய நேரம் மிஞ்சியிருக்கும். மாற்றுத் தட்டு கேளுங்கள். கேட்கும்போது ஊசித்தலை ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னால் உங்கள் மெஷின் மேல் பழி போட்டுவிடுவார்கள்.

ஊசிமுனை_கோவை
சரியான யோசனை. இன்னொன்றும் செய்யுங்கள். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான இடத்தில் எழுத்துகள் கீறியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான தட்டுகள் அடிக்கிறார்கள். மாற்றுத் தட்டும் அதே தகட்டிலிருந்து வந்தால் அதே ஆட்டம்தான் ஆடும்.

திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னால் மட்டும் கடைசி வழி ஒன்று உண்டு. துளையை மெல்லிய வட்ட அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் ஊசித்தலையைப் பார்த்துக்கொண்டே விரலால் தட்டைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவருவது. நான் செய்திருக்கிறேன், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் துளை தளர்ந்த பிறகு முதல் பக்கத்தையும் கையால்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அரத்தூள் பள்ளத்தில் விழாமல் தட்டை மூடிக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் எண்ணம் இருந்தால் அரத்தைத் தொடவே வேண்டாம்.

மாதப்_பெட்டி
எனக்கும் இதே மாதம் இதே தட்டு வந்தது. இதைப் படித்துவிட்டு இப்போதுதான் இரண்டாம் பக்கத்தைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். என்னுடையது அசையவில்லை. அப்படியானால் தகடு வேறாக இருக்க வேண்டும். ஜெர்சி_ரசிகன், உங்கள் தட்டில் உள்ள எழுத்துகளைப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜெர்சி_ரசிகன் (மூன்று வாரம் கழித்து)
மாற்றுத் தட்டு வந்தது. இரண்டாம் பக்கம் அதே ஆட்டம், 18 விநாடிக்குப் பத்து. எழுத்துகளும் அதேதான். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தருகிறார்கள், தட்டுகளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒன்றில் அரம் போடப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மாதப்_பெட்டி
எழுத்துகள் என்னென்ன? இங்கே போட்டால் மற்றவர்களும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்கார்பரோ_வயலின்
அரம் போட்டபின் அந்தக் கடைசிப் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள் தம்பி.

மாதப்_பெட்டி
ஜெர்சி_ரசிகன், இருக்கிறீர்களா?