கண்டங்கள் நகர்ந்த கதையைச் சொல்ல உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் தமிழில் அறிவியல் சொல்லித் தருகிறேன். இப்போது கண்டப் பெயர்ச்சியில் நிற்கிறோம்.

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிறகு விலகி நகர்ந்தன என்று 1912இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகனர் சொன்னதை விளக்குவது எளிதாகவே இருந்தது. தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் அட்டையில் வெட்டி ஒட்டிக் காட்டினேன். குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைத்தடம் இந்திய நிலக்கரிப் பாறைகளிலும் அண்டார்டிகாவிலும் கிடைப்பதைச் சொன்னபோது ஒரே ஆரவாரம். வெயில் கொளுத்தும் ஒடிசாவின் தால்சேரில் பனியாறு விட்டுச்சென்ற கற்கள் இருக்கின்றன என்றால் யாருக்குத்தான் வியப்பு வராது? இந்த நிலங்களெல்லாம் சேர்ந்திருந்த பழைய பெருங்கண்டத்தின் கோண்டுவானா என்ற பெயரே நடு இந்தியாவின் கோண்டு மக்களிடமிருந்து வந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: "நிலத்தை யார் தள்ளினார்கள்?" வெகனரும் சரியான பதில் சொல்ல முடியாமல் தவித்த கேள்வி அது! கடல்தளம் விரிவதும் நிலத்தையும் கடல்தளத்தையும் சுமக்கும் பெரும் பாறைத் தட்டுகள் நகர்வதும் 1960களில்தான் தெளிவாயின. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை.

புவியியல் படித்தவர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியுமா? வீட்டில் இலைத்தடம் பதிந்த கல் வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால், பத்திரமாகத் திருப்பித் தருவேன். தனிச்செய்தி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.