பிரிட்டிஷ் ராக் இசைக்குழு லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பம்: அதைக் கேட்டபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மகாமகக்குளத்தான்

1991ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றில், சிங்கப்பூரிலிருந்து வந்த இசைத்தட்டைக் கொண்டு இந்த ஆல்பத்தை 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினேன். எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரில் ஒரு ஸ்பீக்கர் எப்போதோ செத்துப்போயிருந்தது. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் நடுவே தெரமின் என்ற மின்னிசைக் கருவி ஊளையிடும் அந்த இடம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே என் வீட்டில் ஓசை வருவதும் மறைவதுமாக இருந்தது. கேசட் பழுது என்று முடிவுகட்டி, கடை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் உரிமையாளரை "ஏமாற்றுக்காரர்" என்றே சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் புதுக் கேசட்டில் மீண்டும் பதிந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதுவும் அப்படியேதான் ஒலித்தது.

பல ஆண்டுகள் கழித்து முதல்முறையாக ஹெட்போனில் கேட்டபோது, அந்த ஓசை இடக்காதிலிருந்து வலக்காதுக்குக் கடந்து போயிற்று. குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜும் ஒலிப்பொறியாளர் எடி கிராமரும் கலவைப் பலகையின் குமிழ்களைத் திருகித் திருகி வேண்டுமென்றே செய்த வேலை அது.

திருவீழிமிழலை

என் பெரியப்பா தவில்காரர். இதே ஆல்பத்தின் 'மோபி டிக்' பாட்டில் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹம் தனியாக வாசிக்கும் பகுதியை நான் திண்ணையில் போட்டுக்கொண்டிருந்தபோது, விரல் கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சற்று நேரத்தில், "குச்சிய வச்சுட்டான், கையால வாசிக்கிறான்" என்றார். பான்ஹம் வெறுங்கையால் வாசித்தார் என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பாவுக்கோ தோலின் சத்தமே போதுமானதாக இருந்தது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரலும் இடப்பக்கமான தொப்பியில் பூவரசங்கழியுமாக ஆயுள் முழுக்க வாசித்தவருக்கு அந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் இன்றுவரை என்னை விடவில்லை: "ஏம்ப்பா, இவனுக்குத் தாளம் யாரு போடுறா?" கிட்டார்கள் எல்லாம் ஓய்ந்துவிட்ட இடம் அது. எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியப்பா காலமாகி ஆறு வருடங்கள் ஆகின்றன.

வடுவூர் ஏரி

மேலே எழுதியவர் மன்னிக்க வேண்டும். அந்தத் தனி, நீண்ட வாசிப்பிலிருந்து வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டி ஒட்டியதில் ஆவர்த்தனக் கணக்கு, அதாவது தாளச் சுற்றின் கணக்கு, பார்ப்பது நியாயமில்லை.

என் அனுபவம் சிறியது. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் கடைசியில், பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் வரி வருவதற்கு முன்பே அதே வரி எங்கோ தொலைவில் மெலிதாகக் கேட்கும். மின்வெட்டு இரவில், பேட்டரியில் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. முன்பு பதிந்த குரல் கசிந்து, நீக்க முடியாமல் போனதால், கிராமர் அதன்மேல் எதிரொலியைச் சேர்த்து அப்படியே விட்டார்.

கும்பகோணத்துக்காரருக்கு ஒரு வார்த்தை. தவறு கடைக்காரருடையதும்தான், இரண்டு ஸ்பீக்கரும் பாடுகின்றனவா என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இனிமேல் கேட்பவர்கள் முதலில் பேலன்ஸ் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து, இடது வலது வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை பக்கம் மாறினால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைபேசியில் இந்த ஆல்பத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். பழைய தட்டு வாங்குவதானால் ஒலிப்பொறியாளர் ராபர்ட் லட்விக் மூலத்தட்டை வெட்டிய முதல் அச்சைத் தேடுங்கள். ஆனால் அதன் ஓசை மிகுந்த பள்ளங்களில் மலிவான பிளேயர்களின் ஊசி துள்ளிவிடும் என்பதால், பிளேயரைச் சரிசெய்யாமல் பணத்தைக் கொட்டாதீர்கள்.

திருவீழிமிழலை

ஐயா, கேசட்டும் தட்டும் எப்படி வாங்குவது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வெட்டினார்களோ ஒட்டினார்களோ, வாசித்த நேரத்தில் அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியிருக்கும் அல்லவா? பெரியப்பா கேட்டது அதைத்தான்.

மகாமகக்குளத்தான்

வடுவூராருக்கு: கடைக்காரர்மேல் பழி போடாதீர்கள். முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். புதுக் கேசட்டைத் தரும் முன், அவர் அதைத் தன் கடை டெக்கில் போட்டு, அந்த இடம் வரை ஓட்டிக் காட்டினார். ஓசை சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனதை நான் நன்றாகவே கேட்டேன். "இப்ப சரியா இருக்கா தம்பி?" என்றார். அவருடைய கடையில் சரியாக ஒலித்தது என் வீட்டில் ஏன் ஒலிக்கவில்லை என்று யோசிக்காமல், முந்தையதைத்தான் கெடுத்துக் கொடுத்தார் என்று எண்ணிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பழையவர் எங்கே போனார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.