விலான் 20-ல் ஐபி வரவில்லை, அவசரம்

கடை_கணினி:
வணக்கம். கடையில் பில்லிங்கும் சிசிடிவி கேமராக்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. கேமராவைப் பிரிக்க ஸ்விட்ச்சில் விலான் 20 (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனி நெட்வொர்க்) போட்டேன். இப்போது 5-ம் போர்ட்டில் எதை மாட்டினாலும் ஐபி வரவில்லை. காலையில் கடை திறப்பதற்குள் சரியாக வேண்டும்.

வயர்மேன்:
என்ன ஸ்விட்ச்? ரவுட்டர் எந்தப் போர்ட்டில்? டிஎச்சிபி (தானாக ஐபி கொடுப்பது) எங்கிருந்து வருகிறது?

நெல்லை_நெட்:
கேபிளை மாற்றிப் பாருங்கள். நான் பார்த்த வரை இதெல்லாம் கிரிம்பிங் கோளாறுதான்.

பாக்கெட்:
தம்பி, விலானுக்கான தரமான 802.1க்யூ என்பது ஃப்ரேமுக்குள் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) 4 பைட் டேக் சேர்ப்பது. அதில் 12 பிட் விலான் எண். முதலில் அதைப் படித்துவிட்டு ஸ்விட்ச்சில் கை வையுங்கள்.

கடை_கணினி:
8 போர்ட், பிரவுசரில் செட் பண்ணும் வகை. ரவுட்டர் 1-ம் போர்ட்டில். அதில் விலான் 20-க்கு 192.168.20.1 கொடுத்து டிஎச்சிபி ஆன் செய்திருக்கிறேன். 1-ம் போர்ட் 20-க்கு டேக்டு (டேக்கோடு போகும்). 5 முதல் 8 வரை 20-க்கு அன்டேக்டு (டேக் இல்லாமல்), விலான் 1-லிருந்து எடுத்துவிட்டேன். பில்லிங் பழையபடி விலான் 1-லேயே. கேபிள் புதிது, லைட் எரிகிறது. லேப்டாப்பில் 169.254 (ஐபி கிடைக்காதபோது அதுவே போட்டுக்கொள்வது) என்று காட்டுகிறது.

ஈரோடு_ஸ்விட்ச்:
பிவிஐடி மாற்றினீர்களா சார்? அன்டேக்டு என்று போட்டது போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃப்ரேமுக்கு மட்டும். டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலானில் சேர்ப்பது என்று பிவிஐடிதான் சொல்லும். பல ஸ்விட்ச்களில் அது தனிப் பக்கத்தில் இருக்கும், தொடாவிட்டால் 1-தான். லேப்டாப் கேட்கும் ஐபி கோரிக்கை விலான் 1-க்குள் போகிறது. பில்லிங் பக்கத்து டிஎச்சிபி பதிலும் தருகிறது. ஆனால் 5-ம் போர்ட் இப்போது 1-ல் இல்லையே, பதில் ஸ்விட்ச்சோடு நின்றுவிடும். சில ஸ்விட்ச்கள் கோரிக்கையையே உள்ளே விடாது. 1-லிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் பில்லிங் ஐபி வந்திருக்கும்.

வயர்மேன்:
இதுதான். அப்படியே பில்லிங்கையும் விலான் 10-க்கு மாற்றுங்கள். விலான் 1-ல் எதையும் வைக்கக் கூடாது.

நெல்லை_நெட்:
8 போர்ட் கடைக்கு எதற்கு இவ்வளவு? கேமராவுக்குத் தனி ஸ்விட்ச் வாங்கினால் தீர்ந்தது.

வயர்மேன்:
தனி ஸ்விட்ச்சும் கடைசியில் அதே ரவுட்டரில்தானே வந்து சேரும்? ரவுட்டரில் தனி நெட்வொர்க் கொடுக்காவிட்டால் பிரித்ததாகவே ஆகாது.

பாக்கெட்:
விலான் போட்டாலும் அதே கதைதான். பல ரவுட்டர்களில் தடுக்கும் ஃபயர்வால் விதி எழுதாவிட்டால், 20-லிருந்து பில்லிங்குக்குப் பாக்கெட் தாராளமாகப் போகும். அதை யாரும் சொல்லவில்லை.

வயர்மேன்:
அவருக்கு ஐபியே இன்னும் வரவில்லை சார். அது வரட்டும், அப்புறம் ஃபயர்வால்.

கடை_கணினி:
5 முதல் 8 வரை பிவிஐடி 20 போட்டேன். 192.168.20.101 வந்துவிட்டது. என்விஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) கேமராக்களும் தெரிகின்றன. ரொம்ப நன்றி.

ஈரோடு_ஸ்விட்ச்:
நல்லது. சேவ் கொடுத்தீர்களா? பல ஸ்விட்ச்களில் அப்ளை மட்டும் கொடுத்தால், கரண்ட் போய் வந்ததும் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும்.

நெல்லை_நெட்:
தனி ஸ்விட்ச்சில் இந்தத் தொல்லையே கிடையாது.