வோல்க்கரின் வட்டி உயர்வு: அமெரிக்கா அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்ததா?

மகிழ்நன்:
1979 அக்டோபர் 6, சனிக்கிழமை மாலையில், அமெரிக்காவின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராகி இரண்டே மாதமான பால் வோல்க்கர் செய்தியாளர்களை அழைத்து, வங்கிகளின் கையிருப்பைக் கட்டுப்படுத்திப் பண அளிப்பைச் சுருக்கப்போவதாகவும், வட்டி விகிதம் முன்பைவிடப் பெரிதும் ஏறி இறங்க இடம்தரப்போவதாகவும் அறிவித்தார். கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்கா எடுத்த மிகத் துணிவான பொருளாதார முடிவு அதுவே என்பது என் கருத்து.

அதற்கு முன் முயன்றவை எல்லாம் வீணாகியிருந்தன. 1971 ஆகஸ்ட் 15 அன்று டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்த அதிபர் நிக்சன், அதே உரையில் விலைகளையும் ஊதியங்களையும் 90 நாட்களுக்கு முடக்கினார். கட்டுப்பாடுகள் விலகியதும் விலைவாசி மீண்டும் ஏறியது. 1974இல் அதிபர் ஃபோர்டு, பணவீக்கத்தை முறியடிப்போம் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகளை வழங்கிப் பார்த்தார். அதனாலும் பயனில்லை. 1980 மார்ச்சில் ஏறத்தாழ 15 சதவீதமாக இருந்த பணவீக்கம், 1983இல் 3 சதவீதத்தை ஒட்டி இறங்கியது என்றால் அதற்குக் காரணம் வோல்க்கரின் உறுதிதான்.

கயல்விழி:
மகிழ்நன் அவர்களே, பணவீக்கம் இறங்கிய கணக்கைச் சொன்ன நீங்கள், அதற்காக வேலை இழந்தவர்களின் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தை எட்டியது. கறுப்பினத் தொழிலாளர்களிடையே அது 20 சதவீதத்தைத் தாண்டியது.

1981 அக்டோபரில் முப்பது ஆண்டு வீட்டுக்கடனின் வட்டி 18 சதவீதத்தைக் கடந்திருந்தது. 50,000 டாலர் கடனுக்கு, 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 400 டாலர். 18 சதவீதத்தில் அது 750 டாலர். நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடு வாங்கும் எண்ணத்தையே கைவிட இந்த வேறுபாடு போதாதா? வீடு கட்டும் தொழிலில் இருந்தவர்கள், தங்களுக்கு இனிப் பயன்படாத மரத்துண்டுகளில் தங்கள் கோரிக்கையை எழுதி வோல்க்கருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். கார் விற்பனையாளர்கள் விற்காத வண்டிகளின் சாவிகளைச் சவப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். கடனில் மூழ்கிய விவசாயிகள் டிராக்டர்களுடன் வாஷிங்டனுக்கே சென்று ஃபெடரல் ரிசர்வ் கட்டடத்தை முற்றுகையிட்டார்கள். இவர்களில் எவரும் பணவீக்கத்தை உண்டாக்கியவர்கள் அல்லர். 1973இலும் 1979இலும் கச்சா எண்ணெய் விலை உயர்ந்ததற்கு ஓஹையோவின் தச்சர் என்ன செய்வார்?

மகிழ்நன்:
அவர்களின் துன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் மட்டுமே காரணம் என்பதை ஏற்க இயலாது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதிப்பதற்கு முன்பே விலைகள் வேகமெடுத்திருந்தன. ஆர்தர் பர்ன்ஸ் தலைமையிலான ஃபெடரல் ரிசர்வ், வட்டியை உயர்த்துவதும் வேலையின்மை கூடியதும் தளர்த்துவதுமாக இருந்ததால், விலை இன்னும் ஏறும் என்ற எண்ணம் தொழிற்சங்க ஒப்பந்தம் முதல் கடைக்காரர் வரை ஊறிப்போயிருந்தது.

ஊதியத்தோடு விலைவாசிப்படியும் பெற்ற பெரிய ஆலைத் தொழிலாளர் ஓரளவு தப்பினார். சங்கமில்லாத உணவக ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கிச் சேமிப்புக் கணக்குகளுக்கோ 5.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று விதியே இருந்தது. விலைகள் 13 சதவீதம் ஏறும்போது அந்தச் சேமிப்பு ஆண்டுதோறும் கரைந்தது. பணவீக்கத்தைத் தொடரவிட்டிருந்தால் ஏழைகள் பிழைத்திருப்பார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஆலைகள் மூடப்பட்ட பழியையும் முழுக்க வோல்க்கர்மீது சுமத்த முடியாது. ஓஹையோவின் யங்ஸ்டவுன் நகரின் எஃகு ஆலையை மூடும் அறிவிப்பு 1977 செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

இளம்பரிதி:
இருவரும் 1980ஆம் ஆண்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவ்வாண்டு மார்ச்சில் அதிபர் கார்ட்டர் கடன் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்ததும் மக்கள் கடன் வாங்குவதைச் சட்டென்று குறைத்தார்கள், பொருளாதாரம் சரிந்தது. ஃபெடரல் ரிசர்வும் வட்டியைக் கீழே விட்டது. கோடையில் கட்டுப்பாடுகள் நீங்கின, பொருளாதாரம் எழுந்தது, பணவீக்கம் விடவில்லை. பிறகு இரண்டாம் முறை இறுக்கினார்கள். வங்கிகளுக்கு இடையிலான வட்டி 20 சதவீதத்தை ஒட்டிச் சென்றது. ஆகவே அடுத்தடுத்து இரண்டு மந்தநிலைகள் வந்தன. ஒரே உறுதியோடு நடந்திருந்தால் இரண்டாவது இவ்வளவு கடுமையாக இருந்திருக்குமா என்பது என் ஐயம்.

கயல்விழி:
இளம்பரிதி சொல்வது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. பணவீக்கத்தைத் தொடரவிடச் சொல்லவில்லை; குறைத்த முறையைத்தான் எதிர்க்கிறேன். 1981இல் அடுத்த அதிபர் ரேகன் பெரும் வரிக்குறைப்பைக் கொண்டுவந்து, பாதுகாப்புச் செலவையும் கூட்டினார். அரசு ஒருபுறம் விசையை மிதிக்க, ஃபெடரல் ரிசர்வ் மறுபுறம் தடையை மிதித்தது. பற்றாக்குறை பெருகியதால் பணவீக்கத்தைக் கழித்த பிறகும் வட்டி மிக உயரத்திலேயே நின்றது, உலகப் பணம் அமெரிக்காவுக்குள் பாய்ந்தது, டாலர் ஏறியது. ஏற்றுமதி செய்த ஆலைகள் வெளிநாட்டில் விலைபோகாமல் தவித்தன. 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் பிளாசா உடன்பாட்டில் கூடி டாலரை இறக்க வேண்டிய நிலை வந்தது இதனால்தான். வரியும் வட்டியும் ஒரே திசையில் சென்றிருந்தால் அதே பணவீக்கத்தைக் குறைந்த வேலையிழப்போடு அடக்கியிருக்கலாம்.

இதில் சட்டமும் உண்டு. 1978இல் காங்கிரஸ் நிறைவேற்றிய ஹம்ஃப்ரி ஹாக்கின்ஸ் சட்டம், 1983க்குள் வேலையின்மை 4 சதவீதமாகவும் பணவீக்கம் 3 சதவீதமாகவும் இறங்க வேண்டும் என்று இரண்டு இலக்குகளை வைத்தது. நிறைவேறியது ஒன்றுதான்.

மகிழ்நன்:
ரேகனின் பற்றாக்குறைக்கு வோல்க்கர் பொறுப்பல்லர்; அதைக் குறைக்குமாறு அவரே வெளிப்படையாக வலியுறுத்தினார். தம் கையில் இருந்த கருவியைத்தான் அவரால் பயன்படுத்த முடியும். கார்ட்டர் 1980 தேர்தலில் தோற்பதற்கு அந்த வட்டியும் ஒரு காரணம்; ஆனால் வோல்க்கரை நியமித்தவரே கார்ட்டர்தான். அந்தத் தேர்வுக்கு அவருக்கு இன்னும் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

கயல்விழி:
கார்ட்டரைப் பற்றி நமக்குள் வேறுபாடில்லை. ஆனால் வட்டி எப்போது தளர்ந்தது என்று பாருங்கள். 1982 ஜூலையில் ஃபெடரல் ரிசர்வ் கழிவு விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியை, குறைக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, அமெரிக்காவின் பெரிய வங்கிகளே ஆட்டம் காணும் நிலை வந்தது, தளர்வு மேலும் தொடர்ந்தது. மெக்சிகோவின் நெருக்கடி ஃபெடரல் ரிசர்வுக்குச் சில மாதங்களாகவே தெரிந்திருந்தது. தச்சர்களின் மரத்துண்டுகள் வந்த காலத்தில் அந்த அவசரத்தைக் காணோம். பணவீக்கம் அடங்கிய பிறகும், 1987 வரை வேலையின்மை 6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.