நெல்லைக்கும் தொழில் மாவட்டங்களுக்கும் இடையே வருமான இடைவெளி விரிவது பொருளாதார ஏற்றத்திலா, மந்தத்திலா?

பிசானம்: "மந்தநிலையில்தான் நெல்லை பின்தங்குகிறது" என்று இந்த இழையின் தொடக்கப் பதிவில் இருக்கிறது. நான் ஏற்கவில்லை. இடைவெளி விரிவது ஏற்றத்தில். ஸ்ரீபெரும்புதூரில் காருக்கும் கோவையில் பம்புக்கும் ஆர்டர் குவிந்தால் அங்கே வருமானம் பாயும். அம்பாசமுத்திரத்தில் கார், பிசானம் என்ற இரு பருவ நெல்லும் பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பி விளைபவை. சந்தை சூடுபிடித்தாலும் மகசூல் கூடிவிடாது. மந்தத்திலும் அது சரிய வேண்டியதில்லை: 2020-21இல் நாட்டின் உற்பத்தி 5.8 சதவீதம் சுருங்கியது, வேளாண்மையோ வளர்ந்தது. பொருளாதார அறிஞர் வில்லியம்சன் வட்டார ஏற்றத்தாழ்வை அளக்க 1965இல் கையாண்ட முறையில் போட்டுப் பாருங்கள்: மாவட்டத் தனிநபர் வருமானத்தில் மாநில சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, மக்கள்தொகைப் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலத்தைச் சராசரியால் வகுங்கள். மேலே இருப்பவர்கள் இறங்கினால் இந்த எண் குறையும்.

சுளகு: வாய்பாடு சரி அண்ணாச்சி, உள்ளே போடும் எண்ணில்தான் கோளாறு. மாவட்டக் கணக்கு உற்பத்தி நடந்த இடத்தைப் பார்ப்பது. சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஆலங்குளத்துக்கு வரும் பணம் அதில் சேராது. அங்கே ஆள்குறைப்பு நடந்தால் இங்கே வீட்டுச் செலவு சுருங்கும். உங்கள் எண்ணோ சமத்துவம் கூடிவிட்டதாகக் காட்டும்.

பீடியைப் பாருங்கள். மந்தம் வந்தால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி குறையாது, கடையில் இலையும் தூளும் கொடுக்கும் நாள்தான் குறையும். நாளுக்கு 700 சுற்றுபவருக்கு ஆறு நாளில் 4,200 பீடி, மூன்று நாளில் 2,100. கூலி விகிதத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பாதி இழப்பு படவே படாது. 2017 ஜூலையில் பீடிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தபோதும் கூலி விகிதத்தை விட வேலைநாளைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

கங்கைகொண்டான்: இருவருக்கும் ஒன்று. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. அந்த ஆண்டில் 32 மாவட்டங்கள் 37 ஆயின. துண்டுகள் கூடினாலே ஏற்றத்தாழ்வு எண் ஏறக்கூடும். நெல்லையையும் தென்காசியையும், பிரிந்த மற்றவற்றையும் பழையபடி சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள். இன்னொன்று, பல துறைகளில் மாநில மொத்தத்தைத் தொழிலாளர் பங்கை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். உள்ளூர் சரிவு அதில் மழுங்கிப்போகும்.

பிசானம்: வெளியூர்ப் பணம் விடுபடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலைகள் வெளியூரில் குவிந்ததே ஏற்றத்தில்தானே? முதலீடு அங்கேயே போய்க் குவிவதை அந்த ஏற்ற ஆண்டுகளில்தான் தடுக்கப் பார்க்க வேண்டும். ஓர் ஏற்றத்தின் உச்ச ஆண்டை இன்னோர் ஏற்றத்தின் உச்ச ஆண்டோடு ஒப்பிடுங்கள். சரிவு ஆண்டில் தொடங்கினால் முடிவு தலைகீழாகும்.

சுளகு: முதலீட்டில் உடன்படுகிறேன், அளவுகோலில் இல்லை. ஒன்றியவாரியாக நூறு நாள் வேலை கேட்டவர் எண்ணிக்கை, பீடித் தொழிலாளர் பிஎஃப் கட்டிய நாட்கள், கூட்டுறவு வங்கி நகைக்கடன், இம்மூன்றையும் மாதவாரியாக வரையுங்கள். சரிவில் இவை எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்த பிறகு பேசலாம்.