நிரை மாறி ஓடிய நிரல்: உங்களுக்கும் நடந்ததா?

தலவாக்கலைக்காரன்:
பேராதனையில் படித்த காலத்து அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லி நானே தொடங்கிவைக்கிறேன்.

மேல் கொத்மலை நீரேந்துப் பகுதியில் மழைநீர் எப்படி வடிகிறது என்று கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றை, வரிக்கு வரி சி மொழிக்கு மாற்றினேன். விடை கடைசித் தசமம் வரை சரி. ஆனால் மூல நிரல் 5 நிமிடத்தில் முடித்த வேலைக்கு என்னுடையது 38 நிமிடம் எடுத்தது. கணினி பழையது என்று புலம்பினேன். எட்டு இழைகளாக (ஒரே நேரத்தில் ஓடும் எட்டுப் பங்குகளாக) பிரித்து ஓட்டினேன். பெரிதாக எதுவும் அசையவில்லை.

ஆய்வுகூடத்து அண்ணன் ஒருவர் நிரலின் நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் ‘பெர்ஃப்’ கருவியைப் போட்டு, கேஷ் தவறல்களின் (தேடிய எண் கேஷில் இல்லாமற்போன தடவைகளின்) எண்ணிக்கையைக் காட்டினார். உயர்தர வகுப்பில் ‘பதுக்கு நினைவகம்’ என்று மனப்பாடம் செய்தோமே, அதே சாமான்தான்: புரொசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். முதல் மட்டக் கேஷில் இருக்கும் எண் நாலைந்து சுழற்சிகளில் (புரொசசர் கடிகாரத்தின் துடிப்புகளில்) கைக்கு வந்துவிடும். பிரதான நினைவகத்துக்குப் போனால் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் போய்விடும். அங்கிருந்து ஒற்றை எண்ணும் தனியாக வராது. 64 பைட், அதாவது இரட்டைத் துல்லிய எண்கள் எட்டு, ஒரே மூச்சில் வரும். ஃபோர்ட்ரான் அணியை (எண்களின் அட்டவணையை) நெடுவரிசையாக அடுக்குகிறது, சி கிடைவரிசையாக அடுக்குகிறது. சுழல்களின் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதிகளின்) வரிசையை நான் அப்படியே பெயர்த்துவைத்ததால், எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதி ஏழையும் வீசிக்கொண்டிருந்தேன்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். தேயிலைச் செடிகளில் ஒரு நிரை பிடித்தால் கடைசிச் செடி வரை பறித்துவிட்டுத்தான் அடுத்த நிரைக்குப் போவார். செடிக்கு ஒரு கொழுந்து கிள்ளிவிட்டு அடுத்த நிரைக்குத் தாவினால், மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு என்ன காட்டும்? அரைப்பேர்கூட (அரைநாள் சம்பளம்கூட) விழாது. இரண்டு சுழல் வரிகளை இடம் மாற்றினேன். 6 நிமிடம்.

பதுளையூரான்:
அண்ணே, உங்கள் அணியின் அளவு 4096-க்கு 4096 ஆக இருந்திருக்குமோ? கேட்கக் காரணம் உண்டு. 32 கிலோபைட், எட்டு வழிக் கேஷில் 64 தொகுதிகள், ஒரு தொகுதியில் 64 பைட் வரிகள் எட்டுக்குத்தான் இடம். 4096 பைட் தள்ளி இருக்கும் முகவரிகளெல்லாம் ஒரே தொகுதியில்தான் விழும். நெடுவரிசை வழியே இறங்கினால் ஒவ்வொரு அடியும் 32,768 பைட். கேஷ் முழுவதும் காலியாகக் கிடக்க, எல்லாரும் எட்டே இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். அணியைத் திருப்பிப்போடும் (கிடைவரிசையை நெடுவரிசையாக்கும்) வேலை ஒன்றில் எனக்கு இதுதான் நடந்தது. அங்கே சுழலை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் கோணலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் எட்டு வெற்று எண்களைச் சேர்த்து 4104 ஆக்கினேன். அணி பெரிதானது, ஓட்டம் விரைவானது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஹட்டன் தங்கச்சி:
என் கதை சின்னது. நான்கு இழைகள், இழைக்கு ஒன்றாக நினைவகத்தில் அடுத்தடுத்த நான்கு எண்ணிகள். ஒரே இழையில் ஓடியதைவிட நான்கில் மெதுவாக ஓடியது! நான்கு எண்ணிகளும் ஒரே 64 பைட் வரிக்குள் இருந்தன. நான்கு கங்காணிமார் ஆளுக்கொரு பக்கத்தில் எழுதினாலும் செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகம் ஒன்றே ஒன்று. ஒருவர் கையிலிருந்து மற்றவர் பிடுங்கித்தானே எழுத வேண்டும்? ஒவ்வோர் இழையும் தனக்குள் எண்ணி, முடிவில் ஒருமுறை கூட்டும்படி மாற்றினேன். விடை எப்போதும் சரியாகவே வந்ததால் இரண்டு வாரம் நான் சந்தேகப்படவே இல்லை.

நுவரெலியா குளிர்:
2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு நினைவிருக்கிறதா? மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சுழலை 256 பிட் வெக்டர் கட்டளைகளுக்கு மாற்றினேன். நான்கு எண்களை ஒரே கட்டளையில் பெருக்கலாம். வேகம் இரண்டு மடங்கு என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, பழைய நிரலை அளந்தது மின்வெட்டில், மடிக்கணினி மின்கலத்தில் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது. புதியதை அளந்தது மின்சாரம் வந்தபின். சமமாக அளந்தால் லாபம் அற்பம். நினைவகத்திலிருந்து எண்கள் வந்து சேரும் வேகமே தடையாக இருக்கும்போது நான்காகப் பெருக்கி என்ன பயன்? கொழும்பில் அதே நிரல் இன்னும் மெதுவாக ஓடியது, சூட்டில் புரொசசர் தன்னைத்தானே அடக்கிக்கொண்டதால். எங்கள் ஊர்க் குளிருக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

தலவாக்கலைக்காரன்:
பதுளைத் தம்பி, அளவு 4096-தான். பழைய கோணல் நிரலைத் தேடியெடுத்து 4104 வைத்து ஓட்டினேன்: 38 நிமிடம் 21 ஆனது. திருத்திய நிரலில் மாற்றமே இல்லை, அங்கே நிரை பிடித்துத்தானே போகிறோம்.

ஆனால் மானம் போகும் செய்தி ஒன்று உண்டு. ஃபோர்ட்ரான் இன்னும் 5 நிமிடம்தான், நான் 6. செயல்கூறுக்கு வரும் அணிகள் நினைவகத்தில் ஒன்றின்மேல் ஒன்று படியாது என்று ஃபோர்ட்ரான் தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நம்பி, நிரலை வேகப்படுத்தலாம். சி மொழியில் அதை நாம்தான் ‘ரெஸ்ட்ரிக்ட்’ போட்டுச் சொல்ல வேண்டும். போட்டேன். 5 நிமிடம் 10 வினாடி. மின்சாரம் இருக்கும்போதுதான் அளந்தேன், நுவரெலியா அண்ணே. அந்தப் பத்து வினாடி எங்கே போகிறது என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.