வாட்டர்ஷெட்: கண்மாய்க் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மேலூர், பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்மாய் வரைபடக் கையேடு ஒன்று தயாராகிறது. பிள்ளைகள் கைபேசியோடு கரையில் நடந்து மடை, கலுங்கு (மிகுந்த தண்ணீர் வழியும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருவார்கள். அப்புறம் கணினியில் நில உயரத் தரவை ஏற்றினால், அந்தக் கண்மாய்க்கு எங்கெங்கே பெய்த மழை வந்து சேரும் என்று மென்பொருள் எல்லை போட்டுக் காட்டும். அந்த எல்லைக்குள் அடங்கிய நிலத்துக்குத்தான் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் என்கிறார்கள், கேட்ச்மென்ட் என்றும் சொல்கிறார்கள். நான் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அடுக்கு, சம உயரக் கோடு, பிரிதிறன் போன்ற மற்ற வரைபடச் சொற்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி.

திருமங்கலம், ஓய்வுபெற்ற நில அளவையர்:

அம்மா, அந்தச் சொல்லை மட்டும் போடாதீர்கள். அணைக்கு மேலே காட்டில் மழை பெய்தால் செய்தியில் 'நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை' என்கிறார்கள், அது சரி. ஆனால் நம் ஊர்ப்பக்கம் கண்மாய் நீர்ப்பிடிப்பு என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் உள்வாய். 'நீர்ப்பிடிப்பில் வீடு கட்டியிருக்கிறான்' என்று ஒருவர் மனுக் கொடுத்தால் அது ஆக்கிரமிப்புப் புகார். நீங்கள் சொல்லும் எல்லையோ மேட்டுக்காடு, தோட்டம், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சுற்றி மலையடி வரைக்கும் போகும். பட்டா நிலத்தின் மேல் அந்தப் பெயரோடு ஒரு படத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனால், அப்பன் அன்றைக்கே பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பான். அவன் பயம் நியாயமானது.

வரத்துக்கால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே எடுங்கள்: 'வரத்துப் பரப்பு'. தண்ணீர் பாயும் வயலான ஆயக்கட்டு கண்மாய்க்குக் கீழே, வரத்துப் பரப்பு கண்மாய்க்கு மேலே. எந்த விவசாயிக்கும் விளக்கம் தேவைப்படாது.

மதுரை, தமிழ்ப் பேராசிரியர்:

வரத்து நல்ல தமிழ்ச் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கருத்துக்கு நம்மிடம் இதைவிடப் பழைய வேர் இருக்கிறது. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் 'நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருக' என்கிறார். நிலம் எங்கே குழிகிறதோ அங்கே நீரைத் தடுத்து நிறுத்து என்பது பொருள். நெளி என்ற ஒரே சொல்லில் மேடும் பள்ளமும் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. நெளிதல், நெளிவு, நெளிவு சுளிவு என்று இன்றைக்கும் வாயில் இருக்கிற வேர். 'நெளிமருங்கு' என்றே வைக்கலாம். பாண்டிய மன்னனுக்குச் சொன்ன சொல்லை இந்த மண்ணின் பிள்ளைகள் கற்பது பொருத்தம். சம உயரக் கோட்டையும் நெளிகோடு என்று மாற்றலாம். மூன்று சொல் ஒன்றாகச் சுருங்கும்.

மேலூர், பள்ளி ஆசிரியை:

ஐயா, சம உயரக் கோடு பாடநூலில் ஏறிவிட்ட சொல். அதைத் தொட வேண்டாம். நெளிமருங்கு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது தண்ணீர் நிற்கும் இடத்தை அல்லவா குறிக்கிறது? எனக்குத் தண்ணீர் புறப்படும் நிலம் முழுவதும் வேண்டும்.

மதுரை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

அக்கா கேட்பதுதான் சரியான கேள்வி. மென்பொருள் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் வைத்திருக்கிறது. ஒரு கட்டம் தன்னைச் சுற்றியுள்ள 8 கட்டங்களைப் பார்த்து, எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளும். நாம் ஒரு புள்ளியைக் காட்டினால், அங்கே தண்ணீர் அனுப்பும் கட்டங்களையெல்லாம் திரட்டித் தரும். ஆக எல்லையைத் தீர்மானிப்பது சரிவு மட்டுமே. வாட்டர்ஷெட் என்ற சொல்லே ஜெர்மன் சொல்லைப் பார்த்து ஆங்கிலத்தில் உண்டானது. நீர் பிரியும் மேட்டுக்கோடு என்பதுதான் முதற்பொருள். அமெரிக்காவில் அது கோட்டுக்குள் அடங்கிய நிலத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. நாம் இரண்டையும் பிரித்தே வைப்போம். ஓட்டுக் கூரையில் முகடு போலக் கோடு: அது 'நீர்பிரிமேடு'. நிலத்துக்கு அரசுத் திட்டங்களில் ஏற்கெனவே இருக்கிற 'நீர்வடிப்பகுதி'யே போதும். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'நீரேந்துபகுதி'யும் அழகான சொல்.

வரத்துப் பரப்பில் எனக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் மேற்கே போகும் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்புகிறது. வைகை அணையின் அன்றாட வரத்தில் அந்தத் தண்ணீரும் சேர்ந்தே எண்ணப்படும். ஆனால் பெரியாற்றுக் காடு வைகையின் வாட்டர்ஷெட் ஆகாது, நீர்பிரிமேட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. மேலூர்க் கண்மாய்கள் பலவற்றுக்கும் வரத்தே பெரியாற்றுக் கால்வாய்தான். பிள்ளைகள் 'எங்கள் கண்மாய்க்கு வரத்து மலைக்கு அப்பாலிருந்து' என்று சொன்னால் அது உண்மை, ஆனால் படத்தின் எல்லை வேறு.

திருமங்கலம், ஓய்வுபெற்ற நில அளவையர்:

தம்பி, நல்ல தடை. ஆனால் வடி என்றால் எங்கள் ஊரில் வடிந்து போய்விடுவது. வெள்ளம் வடிந்தது, சோறு வடித்தோம். கண்மாய் நிறைய வேண்டும் என்று நினைக்கிறவனிடம் வடிப்பகுதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரிவு வேண்டுமென்றால் கொத்தனாரைக் கேளுங்கள். தளம் போடும்போது தண்ணீர் ஓட 'வாட்டம்' வைப்பார். நீர்வாட்டப் பரப்பு என்றுகூடச் சொல்லலாம். பயிர் வாட்டத்தோடு குழம்பும் என்பதால் நான் வற்புறுத்தவில்லை.

வேறொன்று கேட்கிறேன். அந்த மென்பொருள் கண்மாயை என்னவாகப் பார்க்கிறது?

மதுரை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அங்கேதான் வலி. தண்ணீர் வெளியேற வழியில்லாத பள்ளம் எதுவாக இருந்தாலும் அதைத் தரவுப் பிழை என்று எடுத்துக்கொண்டு, ஓட்டம் தடைபடாதபடி முதலில் நிரப்பச் சொல்கிறது வழக்கமான செய்முறை. 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். நம் கரை அதைவிட ஒடுங்கியது, பல இடங்களில் அதில் தெரியவே தெரியாது. மொழிபெயர்ப்பில் இந்தப் பள்ளத்துக்கு 'பிழைப்பள்ளம்' என்று வந்திருக்கிறது. அதை மாற்றப் போகிறேன்.

மதுரை, தமிழ்ப் பேராசிரியர்:

கட்டாயம் மாற்றுங்கள். நீரைத் தடுத்தவர்தான் இவ்வுலகில் பெயரை நிறுத்தியவர் என்று குடபுலவியனார் அதே பாட்டில் பாடிய ஊரில், தடுத்த பள்ளத்துக்குப் பிழை என்று பெயரா? 'அடைபள்ளம்' என்று வையுங்கள். தேவையானதும் தேவையற்றதும் அதில் அடங்கும்.

மேலூர், பள்ளி ஆசிரியை:

அடைபள்ளம் எடுத்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. மற்றதற்குத் தனியாக எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் வரத்துப் பரப்புக்கே ஆதரவு அதிகம். கையேட்டில் அதையே போடுகிறேன். 'கால்வாய் வழியாக வெளியிலிருந்து வரும் தண்ணீர் இதில் சேராது' என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி வரும். கோட்டுக்கு நீர்பிரிமேடு.

மதுரை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

கையேட்டுக்குச் சரி, அக்கா. மென்பொருளில் நான் நீர்வடிப்பகுதியைத்தான் வைப்பேன். ஒரு சொல்லோடு கூடவே ஒரு விலக்கு வரியும் எழுத வேண்டியிருந்தால் அந்தச் சொல் இன்னும் அமையவில்லை என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் திரையில் ஒன்றும் தாளில் ஒன்றும் பார்ப்பார்கள், அதனால் கையேட்டின் பின்பக்கச் சொற்பட்டியலில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற நில அளவையர்:

சேருங்கள். வரத்துப் பரப்பு முதலில் வரட்டும்.